உயிருள்ள கிருமிகளுக்கு அனுமதி இல்லை

எங்கள் ஊர்த் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. இருக்கிற கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நாலு மாடிக் கட்டடம், ஜீப், தோட்டம், தோட்டத்தில் நீரூற்று (அதில் மட்டும் தண்ணீர் கிடையாது), ஓர் இயக்குநர், ஒரு துணை இயக்குநர், ஒரு பாதுகாப்பு அதிகாரி எல்லாம் உண்டு. பெயர், நீர்நிலை நுண்ணுயிர் உயிர்நிலை நிர்ணய நிறுவனம். மூச்சு வாங்காமல் அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மற்றவர்கள் 'நிர்ணயம்' என்று சொல்லிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அங்கே வேலை நடக்கும் விதம் எளிது. மேல்மாடியில் ஓர் இயந்திரம். குளத்துத் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ, எதை ஊற்றினாலும் அதிலுள்ள கிருமிகளின் மரபணுவைத் தேடிப் பிடித்து எண்ணிவிடும். உயிருள்ளது, செத்தது என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. பிணத்தையும் ஆள் கணக்கில் சேர்த்துவிடும். கீழ்த்தளத்தில் தட்டு அறை. அங்கே கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி, அதன்மேல் அதே தண்ணீரைத் தடவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைப்பார்கள். உயிருள்ள கிருமி என்றால் கூழைத் தின்று பெருகிப் புள்ளி புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். மேலே எண்ணப்பட்டுக் கீழே முளைக்காதது எல்லாம் செத்தது. நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தட்டுகளில் ஒரு புள்ளிகூட முளைத்ததில்லை.

"மத்த இடத்துல எல்லாம் கிருமியைக் கொல்ல மருந்து வாங்கறாங்க, காசைக் கொட்டறாங்க," என்று இயக்குநர் ஆண்டு விழாதோறும் பேசுவார். "நம்ம எல்லைக்குள்ள வந்த கிருமி தானாவே செத்துடுது. நிர்வாகம் கண்டிப்பா இருந்தா கிருமிகூட ஒழுங்கா இருக்கும்." கைதட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கோடு படுத்திருப்பவர்களால் மட்டும் கைதட்ட வர முடியாது. செத்த கிருமியால் நோய் வராது, ஆகவே அவர்களுக்கு வந்திருப்பது நோயல்ல என்று நிறுவனம் அவர்களுக்கு விளக்கம் அனுப்பியிருந்தது.

இந்த நிறுவனத்தின் வாசலில்தான் ரொட்டிக்காரனுக்கு வேலை கிடைத்தது. ரொட்டிக்கடையில் அடுப்படியில் நின்றவன். கடை மூடியதும் நடுத்தெருவில் நின்றான். 'சூடு பார்க்கத் தெரிந்த ஆள் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தான். வேலையோடு பின்புறக் குடியிருப்பில் ஒரு வீடும் கொடுத்தார்கள். மனைவியையும் சிட்டு என்று கூப்பிடும் மகளையும் அழைத்துக்கொண்டு குடிவந்தான். அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தான், பாவம்.

வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று இருந்தது. 'உயிருள்ள கிருமிகளுக்கு அனுமதி இல்லை.' எப்போதோ ஓர் ஊழியருக்கு வயிறு கலங்கியதும் போட்ட பாதுகாப்பு விதி அது. ஜீப்பில் வந்து இறங்கும் தண்ணீர்ப் பாட்டில்களை வாசலிலேயே பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சுட வைக்க வேண்டும். பிறகு 'சுடப்பட்டது' என்று முத்திரை குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே அந்தத் தண்ணீரில் உயிர் இருக்கிறதா என்று ஆராய்வார்கள்.

முதல் நாள் ரொட்டிக்காரன் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டான். "சார், இப்படி வேக வச்சா உள்ள இருக்கறது செத்துடாதுங்களா?"

"சாகணும்னுதானே வேக வைக்கறோம்?"

"அப்புறம் உள்ள என்னங்க சார் பாப்பாங்க?"

"செத்துதா இல்லையான்னு பாப்பாங்க. நீ பாதுகாப்புப் பிரிவு. அது ஆராய்ச்சிப் பிரிவு. ஒரு பிரிவு வேலையில இன்னொரு பிரிவு மூக்கை நுழைக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரியவில்லை. ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் நாலு மாடியில் உட்கார்ந்திருக்கும்போது தனக்குப் புரியாதது தன்னுடைய குறைதான் என்று அவன் எடுத்துக்கொண்டான். அண்டாவைப் பற்றவைத்தான்.

ஒரு நாள் காலையில் கேஸ் தீர்ந்துபோனது. மாற்று சிலிண்டர் இல்லை. சொன்னால், முந்தின நாளே ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீரோடு இருந்த பாட்டில்களுக்கு அப்படியே முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிட்டான்.

மறுநாள் தட்டு அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

தட்டு பார்க்கும் அம்மாளைத் தட்டம்மா என்பார்கள். இந்த வேலைக்கென்றே படித்து வந்தவர். வந்த நாளிலிருந்து வெறும் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பூஜ்யம் எழுதியே அவருக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. அன்றைக்கு அவர் பேயறைந்த முகத்தோடு வாசலுக்கு வந்தார்.

"நேத்து பாட்டில்ல எதாவது மாத்தினியாப்பா?"

"இல்லம்மா," என்றான்.

"மத்ததுல அங்கங்க ஒரு புள்ளி. ஒரு பாட்டில் தண்ணி மட்டும் தட்டு முழுக்க முளைச்சிருக்கு. கூழே தெரியல. வயித்துல போனா ஆளைச் சாய்ச்சிடும்பா, அந்த ஜாதிக் கிருமி."

"எந்தப் பாட்டில்ங்க?"

"நம்ம குடியிருப்புத் தொட்டி," என்றார் தட்டம்மா.

அவன் மகள் தினமும் குடிக்கிற தண்ணீர் அது. ரொட்டிக்காரன் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். சிட்டு குழாயடியில் நின்று கையைக் குவித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. குடியிருப்பில் தண்ணீரைக் கொதிக்க வைப்பது நிறுவனம் கொடுத்த சான்றிதழை அவமதிப்பதாகும் என்று சுற்றறிக்கை உண்டு. எந்த வீட்டிலாவது பானையிலிருந்து ஆவி வருகிறதா என்று பாதுகாப்பு அதிகாரி மாலையில் உலாவப் போவார். ரொட்டிக்காரன் மனைவி ஜன்னலைச் சாத்தி, துணியை இடுக்கில் அடைத்து, திருடியைப் போலத் தண்ணீர் காய்ச்சினாள்.

"இத்தனை நாளா குழாய்த் தண்ணியைத்தானே குடிச்சா," என்றாள். "வயிறு வலிக்குதாடின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். இல்லைங்கறா. கேக்கக் கேக்க எனக்குத்தான் வலிக்குது."

"வாயைத் திறந்து யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் சொல்லல. ஆனா தட்டு அறையில கழுவற ஆயா சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

குடியிருப்பில் குழாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. பக்கத்து வீட்டு ஜீப் டிரைவரின் மனைவி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவிலிருந்து குடம் சுமந்து வந்தாள். அவள் புருஷன் எந்நேரமும் தண்ணீர் பிடிக்க ஊர் ஊராக ஜீப்பில் சுற்றுபவன். வீட்டுக்கு ஒரு குடம் பிடித்துத் தர ஆளில்லை. "என்ன அண்ணா, எப்ப சரியாகும்? இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு," என்று கேட்டாள். ரொட்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அவசரக் கூட்டம் கூடியது. சந்தேகத்துக்குரிய ஆள் என்பதால் ரொட்டிக்காரனைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். மேசையின் நடுவில், கண்ணாடி மூடிக்குள், அந்தத் தட்டு. எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"உயிருள்ள கிருமி நம்ம வளாகத்துக்குள்ள நுழைஞ்சிருக்கு," என்றார் இயக்குநர். "தொட்டிக்குள்ள எப்படி வந்துதுங்கறது எனக்குக் கவலை இல்ல. நம்ம வாசலைத் தாண்டி எப்படி வந்துது? அதான் கேள்வி."

துணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சார், முளைச்சா உயிர் இருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்? போன வருஷம் கட்டட மதிப்பீடு மூணு மடங்கு வளந்துது. அதுக்கு உயிரா இருக்கு?"

இயக்குநர் இதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"சார், இது நிச்சயமா உயிரோடதான் இருக்கு," என்றார் தட்டம்மா. "முளைச்சது மட்டும் இல்ல. சில கிருமி சாகவும் சாகாது, தட்டுல வளரவும் வளராது. உயிரைப் புடிச்சுக்கிட்டு அசையாம கிடக்கும். உடம்புக்குள்ள போனாத்தான் முழிச்சுக்கும்."

"ஒண்ணும் செய்யாம, ஆனா இருந்துக்கிட்டே இருக்குமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஆமா சார்."

"அப்படி இருக்கறதை உயிரில்லன்னு சொன்னா நம்ம நிர்வாகப் பிரிவையே மூட வேண்டியதுதான். அந்தப் பேச்சு வேணாம்மா."

புதிதாக வாங்கிய சாயம் ஒன்று இருக்கிறது என்றார் துணை இயக்குநர். செத்த கிருமியின் தோல் ஓட்டையாகிவிடும். சாயம் உள்ளே போகும். உயிருள்ளதின் தோல் கெட்டி, சாயம் ஏறாது. ஆகச் சாயம் ஏறியது செத்தது, ஏறாதது உயிருள்ளது. உடனே சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் சாயம் ஏறவில்லை. "நான்தான் சொன்னேனே," என்றார் தட்டம்மா.

"சாயம் பத்தல," என்றார் துணை இயக்குநர். "இன்னும் ஊத்துங்க."

ஊற்றினார்கள். ஏறவில்லை. கொஞ்சம் சுட வைத்து ஊற்றினார்கள். கொஞ்சம் ஏறியது. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. தட்டை அப்படியே வாசலுக்கு எடுத்துப்போய் அண்டாவில் போடும்படி ரொட்டிக்காரனிடம் கொடுத்தார்கள். அவன் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். இந்த முறை எல்லாவற்றிலும் சாயம் ஏறிவிட்டது.

"பாத்தீங்களா?" என்று இயக்குநர் பேனாவைத் திறந்தார். "சான்றிதழ்ங்கறது கையெழுத்துப் போடற நேரத்துல என்ன நிலைமைங்கறதுக்குத்தான். இப்ப என்ன நிலைமை?"

"எல்லாம் செத்துப்போச்சு சார்."

"அவ்வளவுதான்." கையெழுத்துப் போட்டார்.

தட்டம்மா எழுந்து வெளியே போனார். மறுநாள் அவரைத் தோட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துக் களை எடுக்கலாம் என்று உத்தரவில் எழுதியிருந்தது.

ஆனால் குடியிருப்பில் யாரும் குழாயைத் திறக்கவில்லை. ஊழியர்களே நம்பாத தண்ணீரை ஊர் எப்படி நம்பும்? நிறுவனத்தில் இதற்கொரு சடங்கு இருந்தது. சந்தேகம் வந்த தண்ணீரை விழா வைத்து, மேடையில், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரின் பிள்ளை ஒரு டம்ளர் குடித்துக் காட்ட வேண்டும். முதல் டம்ளர் என்று அதற்குப் பெயர். பெரிய கௌரவம். கடைசியாகச் சேர்ந்தவன் ரொட்டிக்காரன்.

செய்தியைப் பாதுகாப்பு அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். ரொட்டிக்காரன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் மகளின் துணிகளை எடுத்துப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள்.

"எங்க போவ?"

"எங்கயாவது. தெருவுல படுத்தாலும் எம்புள்ள உசுரோட படுப்பா."

"இரு. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். வேலை போனா போவட்டும்."

இயக்குநர் அறைக்குள் நுழைந்தான். துணை இயக்குநரும் அங்கே இருந்தார்.

"சார், அன்னிக்கி கேஸ் தீந்துபோச்சு. பயந்துபோய் பாட்டிலைச் சுட வைக்காமயே முத்திரை குத்தி அனுப்பிட்டேன். அதனாலதான் முளைச்சுது. அந்தத் தண்ணியில இருக்கறது நிஜமாவே உயிரோட இருக்கு சார். எம்பொண்ணுக்கு மட்டும் குடுத்துடாதீங்க சார்."

இயக்குநர் எழுந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்று ரொட்டிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். இயக்குநர் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இதை ஏய்யா முன்னாடியே சொல்லல? எத்தனை நாள் எங்க தூக்கத்தைக் கெடுத்துட்ட!"

"சார்?"

"சுடாத சாம்பிள் விதிப்படி செல்லாது. செல்லாத சாம்பிள்ல முளைச்சது முளைச்சதாவே கணக்குல வராது," என்றார் துணை இயக்குநர், குரல் தழுதழுக்க. "அப்போ நம்ம வரலாத்துல இன்னிக்கிவரைக்கும் ஒரு புள்ளிகூட முளைச்சதில்ல!"

"சார், ஆனா தொட்டியில இருக்கே சார்…"

"தொட்டியில என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? செல்லுற சாம்பிள் ஒண்ணுலயாவது இருந்துதா? போய்ட்டு வா. உன்னை மன்னிச்சுட்டோம். ஆனா ஒண்ணு. இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூட சுடாம இந்த வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினா உன் தலை போயிடும்."

வெளியே வந்து வெகுநேரம் அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று நினைத்ததுதான் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே தைரியம். அதுவும் போய்விட்டது. ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் காதிலேயே நின்றது.

விழா நாள் காலையில் தோட்டத்தில் பந்தல். நாற்காலிகளில் குடியிருப்புக்காரர்கள், முன்வரிசையில் கைக்குழந்தையோடு டிரைவர் மனைவி. வாசலோ தோட்டத்துக்கு எதிர்ப்புறம், கட்டடத்தின் மறைவில். குடியிருப்புத் தொட்டியிலிருந்து வெள்ளிக் குடத்தில் பிடித்த தண்ணீர் ஜீப்பில் வாசலுக்கு வந்தது. ரொட்டிக்காரன் குறுக்கே நின்றான்.

"சுட வைக்காம உள்ள விட முடியாது," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"யோவ், இது விழாத் தண்ணி," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"ஒரு சொட்டுகூடத் தாண்டக் கூடாதுன்னு இயக்குநர் சொல்லியிருக்காருங்க. தாண்டினா என் தலை போயிடும்."

பாதுகாப்பு அதிகாரி யோசித்தார். இவ்வளவு பெரிய நாளில்கூட விதியை மறக்காத ஊழியன்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குடம் அண்டாவுக்குள் போனது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை ரொட்டிக்காரன் நகரவில்லை. கொதித்த பிறகும் நெடுநேரம் விட்டான். மேடையில் வரவேற்புரை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஈரத்துணி சுற்றி விசிறி விசிறி ஆற்றி அனுப்பினான்.

மேடையில் சிட்டு டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தாள். "அப்பா, தண்ணி சுடுதுப்பா," என்றாள் மைக்கின் பக்கத்தில்.

"வெயில்ல தொட்டி சூடேறியிருக்கும்," என்று இயக்குநர் சிரித்தார். "பாத்தீங்களா, குழந்தை எப்படிக் குடிச்சா! கிருமி செத்தா அதுக்கு நாங்க யாரும் வருத்தப்பட மாட்டோம். ஆனா எங்க மேல இருக்கற நம்பிக்கை சாகக் கூடாது." கைதட்டல் அடங்கவில்லை. புகைப்படம் எடுத்தார்கள். ரொட்டிக்காரன் மனைவி கூட்டத்தின் கடைசியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதில் பாதி உண்மை.

பந்தலைப் பிரித்து, அண்டாவைக் கழுவி வைத்துவிட்டு மாலையில்தான் அவன் வீட்டுக்கு வந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுக்கு மூச்சு சரியாக வந்தது. மகள் தப்பித்துவிட்டாள். அது போதும் என்று நினைத்துக்கொண்டே தெருவுக்குள் திரும்பினான்.

குழாயடியில் கூட்டம். குடங்கள் வரிசையாக நின்றன. ஆளாளுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். அவனைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். டிரைவர் மனைவி, தோளில் தூங்கும் குழந்தையோடு, நிரம்பிய குடத்தைத் தூக்க நின்றாள்.

"வேணாம்மா," என்றான் அவன் மெதுவாக. "காய்ச்சிட்டுக் குடி. யாருக்கும் தெரியாம காய்ச்சிடு."

"இனிமே எதுக்கு அண்ணா? உங்க பொண்ணே குடிச்சாளே. நான்தான் முன்வரிசையில உக்காந்து பாத்தேனே."

அவன் சுற்றிலும் பார்த்தான். பாதுகாப்பு அதிகாரி தெருக்கோடியில் உலாவிக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை, வீடு எல்லாம் போகும். ஆனாலும் சொன்னான்.

"அவ குடிச்சது சுட வச்ச தண்ணிம்மா. நான்தான் வாசல்ல வச்சுக் கொதிக்க விட்டேன். இது பச்சைத் தண்ணி. இதுல இருக்கறது எல்லாம் உயிரோட இருக்கு."

அவள் முதலில் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. குடம் கைநழுவி உருண்டது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மத்தியானமே இந்தத் தண்ணியில பால் பவுடர் கரைச்சுப் புட்டியில குடுத்துட்டேனே அண்ணா," என்றாள். "நீங்க ஏன் அப்பவே சொல்லல?"

குழந்தை அசையாமல் தூங்கியது. அவன் பயந்துபோய் அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்தது. விரலை எடுக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.